பி.ஈ. என்றால் போதும்

ஒரு குலம் தலைநிமிர ஏழு தலைமுறை ஆகும்.

அப்படி நிமிர்ந்த தலை, செருப்பைக் கழற்றிவிட்டு எழும்போது மாடிப்படியின் அடிப்பக்கத்தில் ணங்கென்று இடித்துக்கொண்டது.

அவர் தேய்த்துக்கொள்ளவில்லை. இன்ஜினியரைப் பெற்றவர் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று தலையைத் தேய்க்கலாமா?

“அப்பா,” என்றான் பையன், குரலைத் தாழ்த்தி. “இங்கயாவது பி.ஈ.ன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்.”

தலையாட்டினார். வலித்தது.

வேலை கிடைத்துவிட்டது. கோயம்புத்தூரில், பம்பு கம்பெனியில். திங்கட்கிழமை சேர வேண்டும். வீடுதான் அமையவில்லை. இன்றைக்குள் அமையாவிட்டால் பையன் பஸ் ஸ்டாண்டில் குளித்துவிட்டுத்தான் முதல் நாள் வேலைக்குப் போக வேண்டும்.

காலையிலிருந்து பார்த்த வீடுகளில் எல்லாம் நன்றாகத்தான் போனது. தண்ணீர் பேசி, கரண்ட் பேசி, அட்வான்ஸ் வரைக்கும் வந்தார்கள். பிறகு, பையன் என்ன படித்திருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் அவர் எழுந்து நின்று சொன்னார்.

“பேச்சிலர் ஆஃப் இன்ஜினியரிங்.”

முதல் சொல்லிலேயே வீட்டுக்காரர்களுக்குக் காது அடைத்துக்கொண்டது. மீதிப் பட்டம் கதவில் மோதிக் கீழே விழுந்தது.

அவருக்குச் சுருக்கிச் சொல்ல மனம் வராது. மின்வாரியத்தில் லைன்மேன். வெயிலில் கம்பத்து உச்சியில் தொங்கியபடி, கீழே ஜீப் நிழலில் நிற்கும் சின்னப் பையன்களை ‘இன்ஜினியர் சார்’ என்று கூப்பிட்டே காலம் போனது. இரண்டே எழுத்தில் முடித்துக்கொள்ளவா பிள்ளையைப் பெற்றார்?

அருப்புக்கோட்டை டீக்கடையில் முழுசாகச் சொன்னார். கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்ற வந்தவரிடம் முழுசாகச் சொன்னார். அதற்குள் பாயசம் அடுத்த இலைக்குப் போய்விட்டது. பல் டாக்டரிடம், திறந்த வாயை மூடாமலே சொன்னார்.

சொல்லச் சொல்லத்தான் அது கெட்டிப்படும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

வீட்டுக்கார அம்மாள் வராந்தாவில் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். அம்மாள் மடியில் மாடி வீட்டுச் சாவி.

“ஊரு எதுங்க?”

“அருப்புக்கோட்டைம்மா.”

“மழை உண்டுங்களா?”

“ஏதோ பெய்யுது.”

எல்லாம் கூடி வந்தது. அம்மாள் மோரே கொடுத்துவிட்டார். இதுவரை எந்த வீட்டிலும் மோர் வரை வந்ததில்லை.

“தம்பி என்ன படிச்சிருக்குதுங்க?”

பையன் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

“பி...” என்று ஆரம்பித்தார்.

நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார்.

“...பேச்சிலர் ஆஃப் இன்ஜினியரிங்,” என்று முடிந்தது. எழுந்து வேறு நின்றிருந்தார். சட்டை நுனி பையன் கையிலிருந்து நழுவியிருந்தது.

அம்மாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“பேச்சிலருக்கு விடறதில்லீங்க.”

“அது பட்டத்தோட பேரும்மா.”

“பேரு என்னவோ இருந்துட்டுப் போகட்டுங்க. கண்ணாலம் ஆகலைதான?”

அதற்கு அவரிடம் பட்டம் எதுவும் இல்லை.

“வேலை, சம்பளம்னு வந்துட்டா இந்தப் பசங்க ஆடற ஆட்டம் தாங்கலீங்க. போன வாட்டி இருந்தவன் மேல பாட்டுப் போட்டா, கீழ என்ர கட்டில் நகருது.”

மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு அம்மாள் உள்ளே நடந்தார்.

பையன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“நான் இன்னும் பேச்சிலரே ஆகலீங்க. ஒரு அரியர் இருக்கு.”

 

அம்மாள் நிலைப்படியிலிருந்து திரும்பி வந்தார்.

“அப்ப படிக்கிற பையனுங்களா? அதைய மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க. பாக்கி வெச்ச பையன்னா அடங்கி உக்காந்து படிப்பான். சத்தம் இருக்காது.”

சாவி இடுப்பிலிருந்து பாதி வெளியே வந்தது. அங்கேயே நின்றது. வீடு வேண்டுமென்றால் எதையும் சொல்வார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். அம்மாள் பையனை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“நெசமுங்களா? நீங்க என்னமோ பெரிசாச் சொன்னீங்க?”

பையன் தலையை நிமிர்த்தவே இல்லை. அவன் காது மடல் சிவந்திருந்தது.

அவர் காலரைச் சரிசெய்துகொண்டார். பட்டத்தைச் சொன்ன அதே குரலில், ஒரு எழுத்தையும் சுருக்காமல் சொன்னார்.

“நிசந்தாம்மா. மேத்தமேட்டிக்ஸ். இரண்டாவது செமஸ்டர். நாலு தடவ எழுதிட்டான்.”

சாவி அவர் கைக்கு வந்தது.

பையன் திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

அரியர் இருக்கிறது என்றே அவன் வீட்டில் சொன்னதில்லை.