ரின்மீன்

“மாமாவைக் கூப்பிட்டனீங்களோ? அம்மா, உங்களுக்கென்ன விசரோ?”

ஜெனுஷா வேலையால் வந்து இன்னும் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. ஸ்ரெல்லா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஓம், கூப்பிட்டனான். வரட்டும். வந்து கதைக்கட்டும்.”

“திங்கட்கிழமைக்குள்ள நான் படிக்க வாறன் எண்டு பதில் சொல்லோணும். இல்லாட்டி அந்த இடம் வேற ஆருக்கோ போயிடும். மாமா வந்தால் அப்பா வாய் திறக்க மாட்டார், தெரியும்தானே?”

“தெரியும்.”

அவ்வளவுதான். பெற்ற பிள்ளையின் படிப்பைக் குழப்ப வெளியிலிருந்து ஆள் பிடிக்கிற தாயை என்ன சொல்ல?

குலசிங்கம் நகரின் மறுகோடியில் மாசி என்ற இடத்திலிருந்து மனுரேவாவுக்கு நெரிசலில் கார் ஓட்டி வந்தவர். வரும்போதே சூடு. ஸ்ரெல்லாவின் தமையன். இந்தக் குடும்பத்தை நியூசிலாந்துக்குக் கூப்பிட்டு எடுத்தவரும் அவர்தான். ஜெனுஷாவின் தகப்பன் கிளறன்ஸ் ரீவியை நிறுத்திவிட்டு எழும்பி நின்றார்.

“இரும், இரும். நிண்டு என்ன பிரியோசனம்? ஒன்றரை வருசம் படிச்சு சின்ன நேர்ஸ் ஆயிட்டாள். இன்னும் கொஞ்சம் படிச்சால் பெரிய நேர்ஸ். நேர் பாதை. இவள் என்னெண்டால் திரும்ப முதலாம் வருசத்தில தொடங்கி, நாலு வருசம் படிச்சு மிட்வைஃப் ஆகப்போறாளாம். நீர் ஒண்டும் கேக்கிறேல்லையோ?”

“கேட்டனான் அத்தான்… அவளுக்கு அதுதான் விருப்பமாம்.”

“விருப்பமாம்!”

ஜெனுஷா முன்னுக்கு வந்தாள். “மாமா, என்ர ஆசுப்பத்திரியில ஒரு தமிழ் அக்கா பிள்ளை பெற வந்தவ. நோ கூடினவுடன அவவுக்கு இங்கிலீஷ் முழுக்க மறந்துபோச்சு. தமிழில சொல்ல என்னைத்தான் கூப்பிட்டவை. பிள்ளை வெளியில வருமட்டும் என்ர கையை விடேல்லை. நான் கையைக் குடுத்துக்கொண்டு நிண்டதுதான். அதுக்கு மேல ஒண்டும் செய்ய எனக்குப் படிப்பில்லை. அந்தப் படிப்புத்தான் எனக்கு வேணும்.”

“நேர்ஸ் எண்டு சொல்லிக் கலியாணம் பேசலாம். மருத்துவிச்சி எண்டு சொல்லி ஆரின்ர வாசலுக்குப் போறது?”

“மிட்வைஃப், மாமா.”

“எந்தப் பாசையில சொன்னாலும் வேலை அதுதான். அது எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ? ஊரில என்னையும் உன்ர கொம்மாவையும் பிடிச்சு எடுத்த மனுசி பின்பக்கத்தாலதான் வருவா, பின்பக்கத்தாலதான் போவா. அவவுக்கெண்டு கிணத்தடியில ஒரு தகரப்பேணி கவிட்டிருக்கும். தேத்தண்ணி அதிலதான். எங்கட கோப்பையைத் தொட விட்டதில்லை. எப்பிடி இருந்த குடும்பம் எண்டு தெரியுமோ?”

ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற குரல். கணீரென்று இருந்தது.

டக். டக். டக். குசினிக்குள் எதையோ போட்டு இடிக்கிற சத்தம்.

“கேட்டியோ? கொம்மா என்ன கோவத்தில நிக்கிறா எண்டு பார்.”

ஜெனுஷாவுக்குக் கண் கலங்கியது. அழுகையில்லை, ஆத்திரம்.

“உங்கட மகள் கிருசாந்தி மச்சாளுக்குப் பிள்ளை பிறந்தாப்பிறகு உங்கட வீட்டுக்கு மிட்வைஃப் வந்தவதானே? முன்வாசலால கூட்டிக்கொண்டு வந்து சோஃபாவில இருத்தினது ஆர்? கண்ணாடி அலுமாரிக்குள்ள இருந்த கோப்பையை எடுத்து ரீ குடுத்தது ஆர்? நீங்கள்தானே?”

“அவ வெள்ளைக்காரியடி!”

கிளறன்ஸ்கூட நிமிர்ந்து பார்த்தார்.

குலசிங்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது. குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார். “ஸ்ரெல்லா! உன்ர பிள்ளையின்ர வாயைப் பார். நீதானே என்னைக் கூப்பிட்டனீ, நீயே சொல்லு. இவள் போறதோ இல்லையோ?”

“தேத்தண்ணியோட வாறன் அண்ணை.”

சத்தம் நின்றது. ஸ்ரெல்லா தட்டோடு வந்தாள். பொன்கரை போட்ட வெள்ளைக் கோப்பைகள். ஒன்றை மகளுக்குக் கொடுத்தாள். ஒன்றைப் புருசனுக்கு. ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டாள்.

தட்டில் மிச்சம் ஒரு தகரம். மேலே ஒட்டியிருந்த கடதாசியை உரித்துக் கழுவி, சோசரில் வைத்து, நிறையத் தேத்தண்ணி. ஆவி பறந்தது.

“என்னடி இது?”

“ரின்மீன் அடைச்சு வந்த தகரம். கறிக்கு உடைச்சனான். வடிவாக் கழுவினது.”

“உனக்கென்ன பைத்தியமே?”

“பூசை முடிய, கோயிலடியில ஆக்களைக் கூட்டி வைச்சு என்ர பிள்ளையைப் பற்றி ஏதோ சொன்னியளாம். முதுகுக்குப் பின்னால சொன்னதை அவளின்ர முகத்துக்கு நேர சொல்லட்டும் எண்டுதான் கூப்பிட்டனான். சொல்லிப்போட்டியள். அவள் திங்கட்கிழமை பதில் குடுப்பாள். இனி இது மருத்துவிச்சி வீடு. எங்கட கோப்பை உங்களுக்குச் சரிவராது.”

கிளறன்ஸ் குலசிங்கத்தைப் பார்க்காமல் தன் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

ஸ்ரெல்லா தகரத்தைத் தமையனுக்குக் கிட்டத் தள்ளி வைத்தாள்.

“குடியுங்கோ அண்ணை, பயப்பிடாதேங்கோ. வாய்ச் சொண்டை வெட்டாது. இவ்வளவு நேரமும் குசினிக்குள்ள அந்த ஓரத்தைத்தான் தட்டிக்கொண்டு நிண்டனான்.”