அரிமுரா வீட்டு வாசலில் மட்டும்

“அந்த சகோடாம்மா இருக்காளே, பக்கத்து வீட்டு வாசல்ல சாம்பலைக் கொட்டுறாளாம்! பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன், பாவம்!”

டோஃபு கடை வரிசையில் நின்ற சிஹாருவின் காதில் அது விழுந்தது. விரிகுடா நடுவே எரிமலை புகையும் ககோஷிமா நகருக்கு அவள் வேலைக்கு வந்து சில மாதங்கள்தான். அந்த இரண்டு வீடுகளும் அவளுடைய மாடி அறைக்கு நேர் எதிரே.

மறுநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உண்மைதான். சகோடாம்மா, சாம்பல் வாரிப் போட நகராட்சி கொடுக்கும் மஞ்சள் பை ஒன்றை அவிழ்த்து, பக்கத்து வீட்டு அரிமுராவின் வாசலில் எரிமலைச் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தார். ஊறுகாய்க்கு உப்புத் தூவுவது போல, அத்தனை நிதானமாக!

யாரிடமும் அதிகம் பேசாத சிஹாருவுக்கே பொறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

“சகோடாம்மா... இது சரியில்லீங்க.”

“ஷ்ஷ்! மெதுவாப் பேசு. காத்து திரும்பிடுச்சு, கவனிச்சியா? மலை கக்குற சாம்பலெல்லாம் இப்ப விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் போகுது. இங்க ஒரு பொட்டு இல்ல.”

“நல்லதுதானே?”

“உனக்கு நல்லது. அந்த மனுஷன் வெளிய வர்றதே வாசல் பெருக்கத்தான். காத்து திரும்புன அன்னைக்குக் கதவைச் சாத்தினவரு பல நாள் திறக்கவேயில்ல. சாப்பிட்டாரான்னுகூடத் தெரியல. அதான், கோடையில வாரி வச்சதை எடுத்துத் தூவுறேன்.”

“அவருக்குத் தெரிஞ்சிட்டா?”

“டிராம் ஓட்டின ஆளு. நேரா மட்டும்தான் பார்ப்பாரு! ஆனா இதுதான் கடைசிப் பை. நாளைக்கு என்ன பண்ணப்போறேனோ!”

அரிமுரா வீட்டுக் கதவு கரகரவென்று நகர்ந்தது. சகோடாம்மா தன் வீட்டுக்குள் பாய்ந்தார். சிஹாரு மாடிக்கு ஓடினாள்.

அரிமுரா துடைப்பத்தோடு வந்து மலையைப் பார்த்துக் கையை ஓங்கினார். “ஏய் கிழட்டுப் பிசாசே! ஊர்ல உனக்கு வேற வீடே கிடைக்கலையா?”

சைக்கிளில் போன தபால்காரப் பெண் சிரித்தாள். “இன்னைக்கும் சாம்பலா, ஐயா?”

“ஆமாம்மா, என் வாசலுக்கு மட்டும்! அவ்வளவு பிரியம் என் மேல!”

முகத்தில் அப்படி ஒரு களை. ஜன்னலுக்குப் பின்னால் சிஹாருவும் சிரித்துவிட்டாள்.

அரிமுரா ஒரு துகள் விடாமல் வாரி, பையில் போட்டு வாயைக் கட்டினார். தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு பூனை போல் நடந்து போய், சகோடாம்மா வீட்டுக் கொல்லைச் சுவருக்கு மேலாக அந்தப் பையை உள்ளே மெல்ல இறக்கி வைத்தார்.