மூக்கு உயரத்துப் பூக்கள்

"டீச்சர், இந்த வீட்டுப் பூ மட்டும் ஏன் நம்ம மூக்குக்கு நேரா பூக்குது?" என்று ஒரு குழந்தை முன்பு கேட்டது. தெருவையும் பூக்களையும் காட்ட மழலைப் பள்ளி டீச்சர் பிள்ளைகளை அழைத்துவரும்போதெல்லாம் இந்தக் கம்பி வேலியோரம்தான் வரிசை நிற்கும். உள்ளே தனியாக வாழும் டெய்லர், ரோஜாக் கிளைகளை வளைத்து, மிச்சத் துணிப்பட்டைகளால் கம்பியோடு கட்டிவைத்திருப்பார். "பசங்களுக்கு மூக்கு அளவு எடுத்துட்டேன் டீச்சர். வளர்ற பசங்கன்னு சட்டை மாதிரி தாராளமா விட முடியுமா?" என்பார். டீச்சர் சிரித்ததோடு சரி, நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று காலை கேட்டில் பூட்டு. "டெய்லர் மாமா, பூவெல்லாம் தூங்குது, எழுப்புங்க!" என்று பிள்ளைகள் கத்த, பக்கத்து வீட்டு அம்மாதான் எட்டிப் பார்த்தார். "கண் ஆபரேஷனுக்கு மக கூட்டிட்டுப் போய் நாளாச்சு. திரும்பி வருவாரோ என்னமோ." இப்போது மாலை. தெருவில் யாரும் இல்லை. டீச்சர் மட்டும் பள்ளிக்கூட வாளியோடும் சொம்போடும் வேலியருகே நிற்கிறார். வறண்ட மண் தண்ணீரைச் சத்தத்தோடு உறிஞ்சுகிறது. சன்னலுக்குள் தையல் மெஷின் துணி போர்த்திக் கிடக்கிறது. அதன்மேல் ஒரு கீற்று வெயில். வேலியோரச் செடிகள் நனைந்துவிட்டன. அந்தச் சன்னலுக்கு நேரே, பிள்ளைகள் ஒருநாளும் கவனிக்காத ஒரு செம்பருத்திச் செடி இலைகள் தொங்க வாடி நிற்கிறது. அது டெய்லர் தைத்துக்கொண்டே பார்க்கிற செடி. "அவர் வந்து பார்க்கட்டும், ஆண்டவனே" என்று முணுமுணுத்தபடி டீச்சர் கம்பிகளுக்கிடையே தோள்வரை கையை நுழைத்து, அதன் வேரை நோக்கித் தண்ணீரை வீசுகிறார். பாதிதான் போய்ச் சேர்கிறது. மறுபடியும் மொள்கிறார்.