கதவைத் தட்டியது யார்?

"கதைன்னா இந்தப் பல் டாக்டரம்மா சொல்ற கதைதான்! பல்லைப் பிடுங்கறதே தெரியாது" என்று காத்திருக்கும் அறையிலேயே ஆரம்பித்துவிட்டார் தையல்காரர்.

துணைக்கு வந்த மனைவி கொட்டாவி விட்டாள். "கதை யாருக்குத்தான் சொல்லத் தெரியாது?"

"அடி போடி! கலங்கரை விளக்கத்துக் காவலாளி ஒருத்தன். அவன் நல்லவன்னு டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லல. தன் கம்பளியை நாய்க்குப் போர்த்திட்டு நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தான்னாங்க, அவ்வளவுதான். அவனுக்கு ஒரே ஆசை, தொலைஞ்சுபோன தங்கச்சியைப் பாக்கணும். கிட்ட நெருங்கும்போதெல்லாம் ஒரு தடங்கல். போன வாரம் சொன்ன கதையில ஒரே புயல், விளக்கு அணைஞ்சுபோச்சு, யாரோ கதவைத் தட்டறாங்க..."

"அப்புறம்?" மனைவி நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

"அதுக்குள்ள பல்லு கையில வந்துடுச்சு. வழக்கம்போல 'மீதி அடுத்த பல்லுக்கு'ன்னுட்டாங்க! அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. தட்டினது யாருன்னு தெரியாம செத்தா, என் கட்டை வேகாது."

உள்ளிருந்து அழைப்பு வந்தது. அவரைக் கண்டதும் டாக்டரம்மா இரண்டு கைகளையும் விரித்தார்.

"ஐயா, போன வாரம் எடுத்ததுதானே உங்க கடைசிப் பல்லு! இன்னும் எதைப் பிடுங்கறது?"

"தெரியும் டாக்டர்." பொக்கை வாய் முழுக்கச் சிரித்த தையல்காரர், மனைவியை முன்னால் தள்ளினார். "இவளுக்கு முப்பத்திரண்டும் அப்படியே இருக்கு."

டாக்டரம்மா பதறிப்போனார். "அம்மா, உங்களுக்கு எந்தப் பல்லு வலிக்குது?"

மனைவி அதற்குள் சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்திருந்தாள்.

"எதையாவது பிடுங்குங்க டாக்டர். கதவைத் தட்டினது தங்கச்சிதானே?"