வாசலில் வெண்டலின் கார்

"டாக்டர், வெண்டல் வந்திருக்கார்! நம்மகிட்ட பயிற்சி எடுக்கிற டாக்டர் பசங்களை இழுக்கத்தான்" என்று பதறினாள் செயலாளர் ட்ரூடி.

லோர்னாவுக்குச் சுரீரென்றது. கான்சாஸ் சிற்றூரில் அவள் நடத்தும் குடும்ப மருத்துவப் பயிற்சித் திட்டத்துக்கு, மாலைக்குள் இன்னொரு ஆசிரியர் கிடைக்காவிட்டால் மூடுவிழாதான். பக்கத்து ஊர்த் திட்டத்தின் டைரக்டர் வெண்டல். அவளிடம் படித்த டெஸ்ஸை எட்டு வருடம் முன்பு வேலைக்கு இழுத்துக்கொண்டவர்.

"உயிர் போறதுக்கு முன்னாடியே வட்டமடிக்க வந்துட்டியா, கழுகே?"

"வாத்தியார் வேலை கேட்டு வந்திருக்கேன், லோர்னா."

"விளையாடாதே. உன் டைரக்டர் நாற்காலி?"

"டெஸ்ஸுக்குக் கொடுத்துட்டேன். உட்கார்ந்ததும் அவ போட்ட முதல் உத்தரவே, என்னை இங்கே அனுப்பினதுதான்!"

லோர்னாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"யார் வளர்த்த பொண்ணு! சரி, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கோ. பசங்க காத்திருக்காங்க."