சீர் வரிசையில் ஓர் ஆர்க்கிட்

துறையூர் மண்டப வாசலில் சீர்த் தட்டுகளைக் காரிலிருந்து இறக்கியபோது ஒன்று குறைந்தது.

பதினொன்று இருக்க வேண்டும். பத்துதான் இருந்தன. தொட்டியத்துப் பூவன்பழத் தட்டைக் காணவில்லை.

என் மகள் ஜோதியின் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் ஒற்றைப்படையில்தான் உள்ளே போக வேண்டும். மேளம் தொடங்கிவிட்டது. சம்பந்தி வீட்டார் எதிர்கொள்ள வந்துகொண்டிருந்தார்கள்.

தாய்மாமனான என் மகன் சிவசங்கர் காரின் பின் இருக்கையைப் பார்த்தான்.

அங்கே ஆர்க்கிட் தொட்டி, இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மருமகள் கனிஷ்காவின் செடி. வாங்கிய பிறகு முதல் மொட்டு விட்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பூட்டிய வீட்டுக்குள் புழுங்கும் என்று கூடவே கொண்டுவந்துவிட்டாள். வழியெல்லாம் ஏ.சி. அதற்காகத்தான். எனக்கு வியர்த்தபோது யாரும் போட்டதாக நினைவில்லை.

அதன் இலையைத் துடைக்கத் தனித் துணி. வேரைப் பார்க்க டார்ச். விருந்தாளியின் காபி ஆறினாலும் அதற்கு நீர் தெளிக்கும் வேளை தவறாது. பூவுக்கோ மணம் கிடையாது. பெருமாளுக்கும் ஆகாது, கொண்டைக்கும் ஆகாது.

"பழத்தை இறக்கிட்டு இதை ஏத்தினியா?" என்றான் மகன்.

"நான் எதையும் இறக்கலைங்க."

தட்டுகளை எண்ணி ஏற்றியவன் நான். என்னை யார் கேட்பது?

தட்டு குறைந்த குடும்பம் என்று துறையூரில் ஒருவன் வாய் திறந்துவிடக் கூடாது. ஒரு காலித் தட்டில் தொட்டியை வைத்தேன். வெற்றிலை பாக்கு வைத்தேன். தொட்டிக்குக் குங்குமம் இட்டேன். மாமன் மனைவிதான் முதல் தட்டைத் தூக்க வேண்டும். அவள் கையிலேயே கொடுத்தேன்.

"மாமா, இது..."

"மானம் போகுதும்மா. நட."

நடந்தாள்.

சம்பந்தியம்மாள் செல்லக்கிளி தட்டை வாங்கி வரிசையின் நடுவில் வைத்தார். வாடியிருக்கிறதோ என்று பார்த்தார். பிறகு நல்ல மனதோடு ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார்.

"வாரத்துக்கு ஒரு தடவை போதுங்க." என்றாள் கனிஷ்கா.

"அப்படியெல்லாம் பட்டினி போடுற வீடு இல்லைம்மா இது."

கொடுத்த சீரைத் திரும்பக் கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதை நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பும்போது பின் இருக்கையில் தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டேன். யாரும் ஏ.சி. போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் அறைக் கதவைச் சாத்தினேன். கட்டிலுக்கடியிலிருந்து தட்டை இழுத்து, மேலே போர்த்தியிருந்த என் துண்டை எடுத்தேன்.

பூவன்பழம் நன்றாகக் கனிந்திருந்தது.