மன உறுதி

“எடை மெஷின்ல ஏறினாரு மேடம். ஏறினவரு இறங்கவே இல்ல!”

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி மொத்த ஆபீஸும் நின்றது. நடுவில் மானேஜர். கையில், எடை குறைப்புப் போட்டியின் கோப்பை.

“ரெண்டு காலும் இழுத்துக்கிச்சு. ஒத்தக் கையைத் தூக்கி, பல்லைக் கடிச்சிக்கிட்டு சிலை மாதிரி நின்னாரா... போட்டோவுக்கு போஸ் குடுக்குறாருன்னு நாங்க கை தட்டிட்டோம். தட்டி முடிக்கிறதுக்குள்ள தொபுக்கடீர்!”

அழுவதா சிரிப்பதா என்று கட்டிலருகே நின்ற மனைவிக்குத் தெரியவில்லை. கட்டிலில் கிடந்த கணவர் ஒரு மாதமாக வீட்டில் செய்யாத உபதேசமா? “வாயைக் கட்டணும்! மனசை அடக்கணும்!” அவள் அம்மா அரை டம்ளர் பால் கூடுதலாகக் குடித்தாலும், “அத்தை, நாக்கு ஒரு முழம் நீளுதே!”

ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டர் வந்தார். “பொட்டாசியம் பாதாளத்துல கிடக்கு. இதயம் எந்த நிமிஷமும் தாளம் தப்பலாம். உடம்புல இருக்குற நீரைப் பிரிச்சு எடையைக் குறைக்கிற நீர் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“சேச்சே! எல்லாம் மன உறுதி டாக்டர்.”

“மன உறுதிக்கெல்லாம் பொட்டாசியம் இறங்காது சார். என்ன மாத்திரை, எவ்வளவுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். சீக்கிரம்!”

மாப்பிள்ளை கோப்பையைப் பார்த்தார். மானேஜரைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். தலைமாட்டு மெஷின் ‘கீக் கீக்’ என்று தடுமாறியது.

“மன... உறுதி...”

“நான்தான் டாக்டர்!” மூலையிலிருந்து எழுந்தாள் அம்மா. “கண்ணு சரியாத் தெரியல. என் நீர் மாத்திரையைப் பிரிச்சு, மாப்பிள்ளையோட சத்து மாத்திரை டப்பாவுல கொட்டிட்டேன். இதான் அட்டை.”

டாக்டர் அட்டையைப் பிடுங்கிப் படித்தார். நர்ஸ் ஓடினார். ஊசி வந்தது, பாட்டில் ஏறியது. மெஷின் மெல்ல ஒழுங்குக்கு வந்தது.

மகள் வெடித்தாள். “பெத்தவ பண்ற வேலையா இது? ஆளையே தூக்கியிருப்பியே! நாளைக்கே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு!”

“திட்டாதம்மா” என்றார் மாப்பிள்ளை, ஈனஸ்வரத்தில். “அத்தை, நான் உங்களை மன்னிச்சிட்டேன்.”

ஆபீஸே உருகிப்போனது. “மகான் சார் நீங்க!” என்று மூக்கைச் சிந்திய மானேஜர், “தெரியாம முழுங்கினது தப்பாகுமா?” என்று கோப்பையை அவர் மார்பிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிய மகள், வராந்தாவில் அம்மாவிடம் பேசும் டாக்டர் குரல் கேட்டு நின்றாள்.

“உங்க கால் ரெண்டும் இப்படி வீங்கியிருக்கே... மாத்திரையை நிறுத்திட்டீங்களா?”

“நான் எங்க நிறுத்தினேன்? புது அட்டை வெச்சா, மறுநாள் வெறும் அட்டைதான் இருக்கும். எலின்னு நினைச்சேன். நேத்து ராத்திரி அந்த எலி எந்திரிச்சு எந்திரிச்சு பாத்ரூமுக்கு ஓடினப்பதான் புரிஞ்சுது.”

டாக்டர் திகைத்தார். “அப்புறம் எதுக்கும்மா பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க?”

“மாப்பிள்ளை வாயிலேர்ந்து உண்மை வர்றதுக்கு முன்னாடி உயிர் போயிடும்போல இருந்துச்சு டாக்டர். அதான் நான் முந்திக்கிட்டேன்.”